அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் வடக்கே திரும்பினால் ஒரு தெரு வரும். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நடக்கவே முடியாது, மற்ற நாளில் பைக்கும் மீன்பாடி வண்டியும் வழிவிட்டால் நடக்கலாம். இங்கிலீஷில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். தமிழில் அரண்மனைக்காரன் தெரு. அங்கே எந்த ராஜாவுக்கும் அரண்மனை இருந்ததில்லை, நவாப் கூட இந்தப் பக்கம் வீடு கட்டவில்லை. இருந்தவர்கள் அர்மீனிய வணிகர்கள்.

அர்மீனியன் எப்படி அரண்மனைக்காரன் ஆனான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், வாய்விட்டு நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பார்த்தாலே போதும். பேச்சில் அரண்மனையை யாரும் அரண்மனை என்று முழுசாகச் சொல்வதில்லை, அரமனை என்போம். அர்மேனியன், அரமனியன், அரமனைக்காரன். அவ்வளவுதான். காதில் விழுந்த பேருக்கு அர்த்தம் தெரியாதபோது, அதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற தெரிந்த வார்த்தையைப் பிடித்து அதன்மேல் போட்டுவிடுவது ஜனங்களின் வழக்கம். அந்த அர்மீனியர்கள் கொழுத்த பணக்காரர்களாகவும் இருந்தார்கள், அதனால் "அரண்மனைக்காரன்" என்று சொன்னபோது யாருக்கும் உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்று ஒருவர், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே சொந்தக் காசில் பாலம் கட்டினார், பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் செலவுதான். உலகத்தின் முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை வெளிவந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் கூசாமல் மெட்ராஸ் என்று சொல்லலாம்: 1794, பெயர் அஸ்தரார், நடத்தியவர் ஒரு அர்மீனியப் பாதிரியார். அவருடைய கல்லறை இந்தத் தெருவில் இருக்கிற அர்மீனிய தேவாலயத்தில்தான் இருக்கிறது. 1772இல் எழுப்பிய கட்டடம், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உள்ளே போனால் காலடியில் பாவியிருக்கும் கற்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், அர்மீனிய எழுத்து செதுக்கிய கல்லறைக் கற்கள் அவை. வெளியே இரைச்சல், உள்ளே ஒரு ஈ காக்கை இருக்காது.

வட சென்னையின் விசித்திரமான பேர்களில் பாதி இந்த மாதிரி காது செய்த வேலை. இன்னொரு பாதி, ஒரு காலத்தில் உண்மையாகவே அங்கே இருந்து அப்புறம் காணாமல் போன ஏதோ ஒன்று. எது எந்த ரகம் என்று பிரிப்பதில்தான் ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் எல்லாப் பேருக்கும் ஒரு அழகான கதை தயாராக இருக்கிறது. என் அனுபவத்தில் கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். சோதிக்க மூன்று வழி உண்டு. அதே இடத்துக்கு இன்னொரு மொழியில் என்ன பேர் என்று பார்ப்பது, ஆண்டு பொருந்துகிறதா என்று பார்ப்பது, சுற்றியுள்ள தெருக்களின் பேரைச் சேர்த்துப் படிப்பது.

காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூருக்குச் சற்றுத் தெற்கே, இப்போது மெட்ரோ நிலையமே அந்தப் பேரில் நிற்கிறது. காலடி என்றதும் பெருமாள் கால் வைத்த இடம், மகான் பாதம் பட்ட மண் என்று மனசு ஓடும், அங்கே ஒரு பெருமாள் கோயிலும் இருப்பதால் சந்தேகமே வராது. ஆனால் பழைய பேர் காலட் பேட்டை. ஜோசப் காலட், 1717 முதல் 1720 வரை மெட்ராஸின் கவர்னர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளர்கள் வேண்டும், அவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடத்துக்குத் தன் பேரையே வைத்துக்கொண்டார். காலட் போனார், காலடி நின்றது.

அந்தப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு கதை சொல்வார்கள், அது ரொம்ப நல்ல கதை. காலட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம், அதனால் தினமும் தாமதம். ஒருநாள் துரை கோபத்தில், இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது சொல் பார்க்கலாம் என்று மடக்க, தேர் நகராமல் நிற்கிறது என்று இவர் இருந்த இடத்திலிருந்தே சொல்ல, ஆள் அனுப்பி விசாரித்தால் அப்படியே நடந்திருக்கிறது. அசந்துபோன துரை, நீ அங்கே அலைய வேண்டாம் என்று இங்கேயே கோயில் கட்டிக் கொடுத்தார். அதுதான் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். தினமும் காஞ்சிக்குப் போய்வருவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா என்றெல்லாம் கேட்கக் கூடாது. புதிதாகக் குடியேறிய நெசவாளர்களை ஊரில் நிலைக்க வைக்க ஒரு கோயில் வேண்டும் என்று ஒரு கவர்னர் கணக்குப் போட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் வீரராகவனை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆண்டு என்கிற சோதனைக்குத் தண்டையார்பேட்டைதான் சரியான இடம். எல்லாரும் சொல்கிற விளக்கம் இது: குணங்குடி மஸ்தான் சாகிபு, சூஃபி ஞானி, நல்ல தமிழ்க் கவி, ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு அருகில் பிறந்தவர், இங்கே வந்து தங்கி இங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்ததால் தொண்டியார், அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை, அது மருவித் தண்டையார்பேட்டை. கேட்க எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! ஆனால் மஸ்தான் சாகிபு பிறந்தது 1792 என்கிறார்கள். தண்டையார்பேட்டை கம்பெனிக்கு எழுதித் தரப்பட்டது 1693இல், எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்து. அவர் பிறப்பதற்குச் சுமார் நூறு வருஷத்துக்கு முன்பே அந்த ஊர் கம்பெனிக் கணக்கில் ஏறிவிட்டது. அந்த ஞானியின் பெருமை இதனால் குறைந்துவிடாது, தர்கா இருக்கிறது, பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் ஊருக்குப் பேர் கொடுத்தவர் அவர் என்பது மட்டும் ஆண்டுக் கணக்கில் நிற்கவில்லை. ஊர்ப் பேரும் அவர் பிறந்த இடமும் தற்செயலாக ஒத்துப்போக, பின்னால் வந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ராயபுரம் இந்தச் சோதனையில் தப்பிக்கிறது. ராயர் என்றதும் விஜயநகரம் வரை போகிறவர்கள் உண்டு, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு ராயல் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே இருப்பது புனித ராயப்பர் தேவாலயம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை ராயப்பர் என்றே சொல்வார்கள். துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட, ஆளையும் சரக்கையும் அலை மேல் மசூலா படகில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இந்தப் பகுதிப் படகுக்காரர்கள், கோயிலும் அவர்கள் கட்டியது. பேதுரு மீனவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பேர் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காது செய்த வேலை தமிழ்க் காதோடு நின்றுவிடவில்லை என்பதற்கு சால்ட் கோட்டர்ஸ். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வே சரக்கு யார்டு. ஆட்டோக்காரர் முதல் ஆபீசர் வரை பலரும் சால்ட் குவார்ட்டர்ஸ் என்கிறார்கள், உப்பு வாரியத்து ஊழியர் குடியிருப்பு போல. குவார்ட்டர்ஸ் இல்லை. கொட்டாரம், அதாவது தானியமோ உப்போ கொட்டி வைக்கிற கிடங்கு. அதை வெள்ளைக்காரன் கோட்டார் என்று எழுதி, பன்மைக்கு ஒரு எஸ் சேர்த்தான். எண்ணூர்ப் பக்கம் விளைந்த உப்பு கால்வாய் வழியாகப் படகில் வந்து இறங்கிய இடம் அது. பக்கத்தில் பேசின் பிரிட்ஜ் என்ற பேர் இருப்பதே இதற்குச் சாட்சி, ஏனென்றால் அந்த பேசின் படகுகள் நிற்கும் நீர்த்துறை. இப்போது அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அதில் படகு போனது என்று யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆக, நம்மூர் வார்த்தை இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து வேறு ஆளாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஓட்டேரி, புரசைவாக்கம் பக்கம் பிரிக்ளின் ரோடு என்று இருக்கிறதே, பிரிக்ளின் யாரோ ஒரு துரை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிரிக் கில்ன், செங்கல் சூளை. இரண்டு வார்த்தையும் ஒட்டிக்கொண்டு ஒரு துரையாகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் சூளை என்றே ஒரு பேட்டை இருப்பதை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மண்ணும் தண்ணீரும் கிடைத்த இடத்தில் சூளை போட்டார்கள், குயவர்கள் இருந்த இடம் கொசப்பேட்டை, அதுவும் பக்கத்தில்தான். மூன்று பேரையும் சேர்த்துப் படித்தால் கட்டடங்களும் பானைகளும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிடுகிறது.

அக்கம்பக்கத்தைச் சேர்த்துப் படிப்பது என்று சொன்னேன் இல்லையா, அது நன்றாக வேலை செய்வது மதில் விஷயத்தில்தான். ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. ஹைதர் அலியின் குதிரைப்படை 1767இல் மெட்ராஸ் எல்லை வரை வந்து சூறையாடிவிட்டுப் போனது, 1769இல் மறுபடி வந்து கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தது. கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்குச் சுவர் இருந்தது. வெளியே கறுப்பர் நகரத்தில், ஜார்ஜ் டவுனுக்கு அப்போது அதுதான் பேர், இருந்த வியாபாரிகளுக்கு, அதாவது கம்பெனியின் பணம் உண்மையில் புழங்கிய இடத்துக்கு, ஒழுங்கான பாதுகாப்பு இல்லை. அதனால் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பினார்கள். கட்டும் வேலையை எடுத்தவர் பால் பென்ஃபீல்ட், பின்னால் ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே பேர் கெட்டவர். செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வசூலித்துவிடலாம் என்று திட்டம். மதிலை ஒட்டி உள்பக்கமாக ஒரு சாலையும் போட்டார்கள். வரி மட்டும் கடைசி வரை வசூலாகவில்லை, அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பதிலேயே சிக்கல் வந்துவிட்டது. ஆனால் சாலைக்குப் பேர் வந்துவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. மதில் போய்விட்டது, வரி வரவே இல்லை, இரண்டுமே இல்லாத ஒரு விஷயத்தின் பேரில் இன்றைக்கும் சென்ட்ரல் பக்கத்தில் ஆட்டோ பேரம் நடக்கிறது.

அந்த ரோட்டிலேயே வடக்கே போனால் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டைவாசல், மதிலில் இருந்த வாசல்களில் ஒன்று. யானை புகும் அளவுக்குப் பெரிய வாசல் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். வாசல் இன்றைக்கு இல்லை. ஆனால் புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குக் குடை புறப்படும்போது, "குடை யானைக்கவுனியைத் தாண்டிவிட்டதா" என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. சாயங்காலம் கவுனி தாண்டும் நேரத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும், மறுநாள் பேப்பரிலும் அதுதான் படம். சாதாரணமாகப் பார்த்தால் ஒரு ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டுவதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று தோன்றும். மதிலை மனசில் கட்டிப் பார்த்தால் புரியும். அந்த வாசல் வரை ஊர். அதைத் தாண்டினால் வெளி. குடை கவுனி தாண்டியது என்றால் பெருமாளின் குடை ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் வடக்கே மூலக்கொத்தளம். வட சென்னையில் இந்தப் பேரைச் சொன்னாலே சுடுகாடுதான் ஞாபகம் வரும். 1939இல் முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள், அதனால் அரசியல்வாதிகள் வருஷாவருஷம் மாலையோடு வருவார்கள். பேரைப் பிரித்தால் மூலை, கொத்தளம். கோட்டை கொத்தளம் என்கிறோமே, அந்தக் கொத்தளம், பீரங்கி வைக்க மதிலிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய மேடை. மேற்கு மதிலும் வடக்கு மதிலும் சந்தித்த மூலையைப் படத்தில் வைத்துப் பாருங்கள், சரியாக இங்கே வந்து நிற்கும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழைய ஜெயில் ரோடு, அதில் மாடிப் பூங்கா. தரையில் இல்லாத பூங்காவுக்கு மாடிப் பூங்கா என்று பேர் வைத்ததில் வியப்பில்லை, ஆனால் அது ஏன் உயரத்தில் இருக்கிறது? மதிலின் மிச்சத் துண்டு அது. அதன் தலைமேல்தான் பூங்காவைப் போட்டிருக்கிறார்கள். ஏறி நின்றால் கம்பெனி மதில் எவ்வளவு கனமாக இருந்தது என்று காலுக்கே தெரியும். அப்படியே கடற்கரைக்குப் போனால் கிளைவ் பேட்டரி, பேட்டரி கம்பெனி ஏதோ ஒரு காலத்தில் இருந்தது போல என்று பஸ்ஸில் ஒருவர் எனக்கே விளக்கியிருக்கிறார். பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்துக்குத்தான் பேட்டரி என்று பேர். வால்டாக்ஸ், யானைக்கவுனி, மூலக்கொத்தளம், மாடிப் பூங்கா, கிளைவ் பேட்டரி: ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஐந்தும் சம்பந்தமில்லாத பேர், வரிசையாக நடந்து பார்த்தால் இடிந்துபோன மதிலின் சுற்றளவு.

தொழிலை வைத்து வந்த பேர்களில் பெரிய மர்மம் இல்லை. வண்ணாரப்பேட்டை, கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம். பவளக்காரத் தெரு பவள வியாபாரிகள் பேரில் வந்தது. மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனவர்களில் யூத வணிகர்கள் முக்கியமானவர்கள், 1688இல் மெட்ராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் கூட யூதர்கள் இருந்தார்கள். ஜாபர் சாரங் தெருவில் வரும் சாரங், கப்பல் கலாசிகளின் தலைவன். கொத்தவால் சாவடியில் இருந்தவர் கொத்தவால், சந்தையையும் காவலையும் பார்த்த அதிகாரி. காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பேர் போகவில்லை. தங்கசாலைத் தெரு என்கிற மின்ட் தெருவைப் பார்த்து, சாலைக்கு எதற்கு மறுபடி தெரு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சாலை ரோடு இல்லை, பாடசாலை, தொழிற்சாலையில் வருகிற சாலை. 1840களில் கம்பெனியின் நாணயச்சாலை இங்கே வந்தது, அதனால் தங்கசாலை.

ஆட்கள் பேர் வைத்த தெருக்கள்தான் இப்போது சிக்கலில் இருக்கின்றன. பாரிமுனையின் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தவர் என்று சின்ன வயசில் நம்பாதவர் யார்? அவர் தாமஸ் பாரி, 1788இல் வேல்ஸிலிருந்து வந்த வியாபாரி. பிராட்வே, ஸ்டீபன் போப்பம் என்ற வக்கீல், இரண்டு பேட்டைக்கும் நடுவில் கிடந்த அத்தப்பள்ளம் என்ற சாக்கடைப் பள்ளத்தைத் தூர்த்துப் போட்ட ரோடு. முத்தியால்பேட்டை ஒரு பக்கம், பெத்தநாயக்கன்பேட்டை ஒரு பக்கம். பலகையில் பிரகாசம் சாலை, வாயில் பிராட்வே. இவர்களாவது தெரிந்தவர்கள். லிங்கி செட்டி, தம்பு செட்டி, அங்கப்ப நாயக்கன், சுங்குராம செட்டி என்று வரிசையாக வருகிறவர்கள் அந்தக் காலத்து வியாபாரிகள், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகள். சுங்குராமர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியின் தலைமை வணிகர்.

தெருப் பேரில் சாதி வேண்டாம் என்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் 70களின் கடைசியில் ஒரு முறை முடிவெடுத்தார்கள், 2025 அக்டோபரில் மறுபடி ஓர் அரசாணை வந்திருக்கிறது. 1707லேயே வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து போட்ட சண்டை முற்றி, யார் எந்தத் தெருவில் இருப்பது என்று கவர்னர் பிட் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்த ஊர் இது, அதனால் பலகையில் சாதி வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் வாலை மட்டும் வெட்டினால் லிங்கி தெரு என்று நிற்கும், லிங்கி யார், ஆணா பெண்ணா, சாமியா என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது, உடனே ஒரு கதை பிறந்துவிடும். பலகைக்குக் கீழே இரண்டு வரி எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? யானைக்கவுனி சுவரொட்டிகளுக்கு ஆகிற செலவில் பாதி கூட ஆகாது.

அரசாங்கம் வைக்கிற பேரை ஜனங்கள் வாங்கிக்கொள்ளாமல் போவதும் உண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782 பஞ்சத்தில் ஒரு மணியக்காரர் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம், மணியக்காரர் சத்திரம் என்று பேர் வாங்கி, அதுவே வைத்தியசாலையாக வளர்ந்தது. ஸ்டான்லி 1930களில் இருந்த ஒரு கவர்னர். கவர்னர் பலகையில் இருக்கிறார், கஞ்சித்தொட்டி வாயில் இருக்கிறது.

ஜனங்கள் தாங்களாகவே பேர் வைப்பது இப்போது பஸ் ஸ்டாப்பில்தான் நடக்கிறது. தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். "அகஸ்தியா ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பது நிற்கவில்லை. தியேட்டரைப் பார்த்தவர்கள் எல்லாம் போன பிறகு, அகத்திய முனிவர் தெற்கே வந்தபோது இங்கேதான் தங்கினார் என்று யாராவது கண்டிப்பாகச் சொல்லப் போகிறார்கள், கொஞ்ச தூரத்தில் வியாசர்பாடி வேறு இருப்பதால் அதை மறுத்துப் பேசுவதும் கஷ்டம்.